எந்த மொழியில் சோதிப்பது? பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சும் செவியும்

ஜார்ஜ்டவுன் – இந்நாட்டில் தமிழ்க்கல்வி தொடங்கிய இடம் பினாங்கு. 1816-ஆம் ஆண்டு அக்டோபரில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு திறக்கப்பட்டது. அதன் இருநூறாவது ஆண்டு நிறைவை 2016-இல் நாடே கொண்டாடியது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்குகளும் ஓய்ந்துவிட்டன. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த வாதத்தை நிராகரித்தன. 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

தமிழில் கற்பிக்கலாம் என்பதில் இனி சட்டச் சிக்கல் இல்லை. ஆனால், நான்கு வயதாகியும் சரியாகப் பேச்சு வராத ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பெற்றோர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, அப்பிள்ளையை எந்த மொழியில் சோதிப்பார்கள்? இந்தக் கேள்வியை யாரும் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகவில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை.

பினாங்கு மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இந்தியர். மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகளின்படி, பள்ளியில் சேரும் வயதுப் பிள்ளைகளில் சுமார் 7 விழுக்காட்டினருக்கு மொழி வளர்ச்சிக் குறைபாடு இருக்கிறது. இது எந்த இனத்துக்கும் மொழிக்கும் உரிய நோயன்று. எல்லா மொழியிலும் உண்டு. 30 பேர் படிக்கும் ஒரு வகுப்பில் இரண்டு பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த இருவரையும் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும்; மற்ற 28 பேர் மீது தவறான முத்திரை விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனையின் மொழி இங்கேதான் முக்கியமாகிறது.

ஒரே சோதனை, இரண்டு தவறுகள்

வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையை மலாயிலோ ஆங்கிலத்திலோ சோதித்தால் இரண்டு வகைத் தவறு நேரலாம்.

முதல் தவறு, குறையில்லாத பிள்ளைக்குக் குறை இருப்பதாகச் சொல்வது. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. இலக்கணம் படித்தவர்களுக்கு இது ஒரு விதி. பிள்ளைக்கு அது நாக்கின் பழக்கம். ஆகவேதான் ‘பஸ்’ என்பது வீட்டுப் பேச்சில் ‘பஸ்ஸு’ ஆகிறது. அதே பிள்ளை மலாய்ச் சொல்லான ‘முலுட்’ என்பதை ‘முலுட்டு’ என்று சொன்னால், தமிழ் தெரிந்தவர் சிரித்துக்கொண்டே கடந்து போவார். தமிழ் தெரியாத சிகிச்சையாளரின் தாளில் அது உச்சரிப்புப் பிழையாகப் பதிவாகலாம். ‘ஃப’ ஒலியைப் ‘ப’ என்று சொல்வதும் இப்படித்தான். இவை மொழி வேறுபாடுகளே தவிர, பேச்சுக் குறைபாடுகள் அல்ல.

இரண்டாவது தவறு இதைவிட மோசமானது: உண்மையிலேயே குறை உள்ள பிள்ளையைத் தவறவிடுவது. மலாயில் வேற்றுமை உருபுகள் இல்லை. வந்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதற்கேற்ப வினைச்சொல் மாறுவதும் இல்லை. ‘டியா’ என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் பொருந்தும். தமிழிலோ ‘வந்தான், வந்தாள், வந்தாங்க, வந்துச்சு’ என்று வினையின் முடிவிலேயே எல்லாம் இருக்கிறது. ‘அம்மாவ’, ‘அம்மாவுக்கு’, ‘அம்மாகிட்ட’, ‘அம்மாவோட’ என்று உருபுகள்தாம் யார் யாருக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்கின்றன. தமிழ்ப் பிள்ளையின் மொழி வளர்ச்சியை அளக்க இவற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மலாய்ச் சோதனையில் இவற்றைப் பற்றி ஒரு கேள்விகூட இருக்க முடியாது. அந்த மொழியில் இவை இல்லையே!

விளைவு என்ன? பிள்ளை மலாய்ச் சோதனையில் தடுமாறும். ‘இன்னும் மலாய் பழகவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்’ என்று பெற்றோரிடம் சொல்லப்படும். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கழியும். பிறகு இடைநிலைப்பள்ளியில் பயிற்றுமொழி மலாயாக மாறும். பிள்ளை புகுமுக வகுப்பில் உட்காரும். அப்போதும் ‘மலாய் வரவில்லை’ என்றுதான் சொல்வார்கள். தமிழும் வரவில்லை என்பதை யாராவது நான்கு வயதிலேயே கேட்டிருந்தால், ஒன்பது ஆண்டுகள் வீணாகியிருக்காது.

கலிபோர்னியா கற்றுக்கொண்ட பாடம்

இது பினாங்குக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வீட்டில் ஸ்பானிஷ் பேசிய மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை நடத்தி, அவர்களை மூளை வளர்ச்சி குன்றியோருக்கான வகுப்பில் சேர்த்தார்கள். ஸ்பானிஷ் தெரிந்தவர் மீண்டும் சோதித்தபோது, பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. ‘டயானா’ வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கு 1970-இல் உடன்பாட்டில் முடிந்தது. பிள்ளைகளை அவர்களது முதல் மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பதை மாநில அரசு ஏற்றுக்கொண்டது.

அடுத்த ஆண்டே, 1971-இல், லண்டனில் ஆசிரியராகப் பணியாற்றிய பெர்னார்ட் கோர்ட், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எப்படி மந்தப் பிள்ளைகளுக்கான பள்ளிகளுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பதைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் பேசியதும் ஆங்கிலத்தின் ஒரு வகைதான். ஆனால் அது சோதனைத்தாளில் இருந்த ஆங்கிலமன்று.

இந்த நிகழ்வுகளுக்குப் பின் அரை நூற்றாண்டில் இத்துறையின் நிலைப்பாடு தெளிவாகிவிட்டது. பன்மொழிப் பிள்ளைக்கு உண்மையில் மொழிக் குறைபாடு இருந்தால், அது அப்பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் தெரியும். ஒரு மொழியில் மட்டும் தடுமாற்றம் என்றால், அந்த மொழியைப் போதிய அளவு கேட்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஆகவே வீட்டு மொழியைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. இது சலுகையன்று, மருத்துவத் துல்லியத்தின் அடிப்படைத் தேவை.

சென்னைச் சோதனைத்தாள் இங்கே பொருந்துமா?

தமிழ்நாட்டிலிருந்து ஒரு சோதனைத்தாளை வாங்கிவந்தால் போதாதா என்று கேட்கலாம். மைசூரில் 1960-களில் அமைந்த அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனமும் சென்னையிலுள்ள கல்லூரிகளும் தமிழுக்கான சோதனைகளை உருவாக்கியிருக்கின்றன. பினாங்கில் வெற்றிடத்திலிருந்து தொடங்க வேண்டிய தேவை இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அவற்றை அப்படியே பயன்படுத்தவும் முடியாது.

மலேசியத் தமிழ் தனக்கென்று சொற்கள் கொண்டது. இங்கே காலை உணவை உண்பது ‘பசியாறுவது’. சந்தை ‘பசார்’, கிண்ணம் ‘மங்கு’, மலாய்க் கிராமம் ‘கம்பம்’. படத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் பினாங்குப் பிள்ளை ‘மங்கு’ என்றுதான் சொல்லும். சென்னை விடைத்தாளின்படி அது தவறு. படங்களிலும் சிக்கல் உண்டு. ஆட்டோவும் மாட்டுவண்டியும் பினாங்குப் பிள்ளையின் தெருவில் ஓடுவதில்லை.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி இன்னொரு பொறி. ‘அவன் ஓடிக்கொண்டிருக்கிறான்’ என்று எந்தப் பிள்ளையும் வீட்டில் கேட்டதில்லை. ‘அவன் ஓடிக்கிட்டிருக்கான்’ என்றுதான் கேட்டிருக்கும். ஏட்டுத் தமிழில் அச்சிட்ட சோதனையை அப்படியே வாசித்துக் காட்டினால், அது தமிழ்ச் சோதனையாக இருந்தும் பிள்ளைக்கு அந்நிய மொழிச் சோதனையாகிவிடும். ழகரத்தை ளகரமாகச் சொல்வதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். வீட்டில் அப்பாவும் பாட்டியும் ‘வாளப்பளம்’ என்று சொன்னால் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். மேடையில் அதைத் திருத்தலாம். சிகிச்சை அறையில் அதைக் குறைபாடு என்று எழுதக்கூடாது.

எளிதில் முடிவுகட்ட முடியாத இடங்களும் உண்டு. மலாய்ப் பாலர்பள்ளியில் படிக்கும் பிள்ளை ‘அக்கா வந்தான்’ என்று சொன்னால், அது ‘டியா’வின் தாக்கமா, உண்மையான தடுமாற்றமா? இதைப் பிரித்தறிய இரண்டு மொழிகளின் போக்கும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

‘இந்தியர்’ என்ற கட்டம் எதையும் சொல்வதில்லை

பதிவுப் பாரங்களில் இனத்தைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘இந்தியர்’ என்று குறித்தால், வீட்டு மொழி தெரிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். பினாங்கில் அந்தக் கணக்கு சரிப்படாது. கடைத்தெரு என்று தமிழர் அழைக்கும் லெபோ பசாரைச் சுற்றி ஒரு முறை நடந்தாலே இது புரியும். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தெலுங்கு, மலையாளம், பஞ்சாபி பேசும் இந்தியர்கள் உண்டு. தமிழும் மலாயும் கலந்து பேசும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அவர்களில் சிலர் பாரத்தில் மலாய்க்காரர் என்றே பதிவாகியிருப்பார்கள். சீனப்பள்ளியில் மாண்டரின் படித்து, பக்கத்து வீட்டில் பினாங்கு ஹொக்கியன் கேட்டு, பாட்டியிடம் தமிழ் பேசும் பிள்ளைகளும் உண்டு.

இனத்தைக் கேட்பதற்குப் பதிலாக மூன்று எளிய கேள்விகள் போதும். வீட்டில் யார் யார், பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள்? பிள்ளை எந்த மொழியில் பதில் சொல்கிறது? ஒரு நாளில் எவ்வளவு நேரம் அந்த மொழியைக் கேட்கிறது? இதற்குப் பணம் தேவையில்லை. பாரத்தில் மூன்று வரி தேவை.

செவிக்கும் மொழி உண்டு

காது கேட்கிறதா என்று பார்க்க மொழி எதற்கு என்று தோன்றலாம். ஒரு பகுதி வரை அது சரி. ‘பீப்’ ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தும் சோதனைக்கு மொழி தேவையில்லை. பிறந்த குழந்தையின் செவியைக் கருவியால் சோதிக்கவும் மொழி தேவையில்லை. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் செவிக்குறையுடன் பிறக்கின்றன. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் கால அளவு.

ஆனால் ‘பீப்’ ஒலி கேட்பது வேறு, பேச்சு புரிவது வேறு. அதற்காகத்தான் சொற்பட்டியலை ஒலிக்கவிட்டு, கேட்டதைத் திரும்பச் சொல்லச் சொல்லும் சோதனை இருக்கிறது. அது கேட்பவரின் மொழியில் இருந்தால்தான் பயன். தமிழில் ‘பல்’லும் ‘பாலும்’ வேறு. ‘மனமும்’ ‘மணமும்’ வேறு. ‘கலை’யும் ‘களை’யும் வேறு. மலாயில் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. ‘ண’வும் ‘ள’வும் இல்லை. ஆகவே மலாய்ச் சொற்பட்டியல் இந்த வேறுபாடுகளைத் தொடவே முடியாது. தமிழ் மட்டும் சரளமாகத் தெரிந்த முதியவர் மலாய்ச் சொல்லைத் தவறாகச் சொன்னால், காது கேட்கவில்லையா, சொல் தெரியவில்லையா என்பதும் விளங்காது.

இது பினாங்குக்கு மிக நெருக்கமான விவகாரம். துறைமுகத்தில் படகுகளிலும் கிடங்குகளிலும் உழைத்த தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலத்தின் தொழிற்சாலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் ஏராளம். ஆண்டுக்கணக்கில் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகள். பேச்சு காதில் விழும், ஆனால் தெளிவாக இராது. ‘சத்தமா பேசாதே, தெளிவா பேசு’ என்று தாத்தா சொல்வதன் காரணம் இதுதான்.

2019-இல் நடப்புக்கு வந்த தொழிலிட இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்தன. அதற்கு முன் 1989-ஆம் ஆண்டின் விதிகளில் அந்த வரம்பு 90 டெசிபல். பழைய விதிகளின் காலத்தில் வேலை செய்தவர்கள்தாம் இன்று அறுபது வயதைக் கடந்து, காது கேட்கும் கருவிக்காகக் காத்திருக்கிறார்கள். 2050-க்குள் உலகில் பத்தில் ஒருவருக்குச் செவிக்குறைக்கான சிகிச்சையும் பயிற்சியும் தேவைப்படும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கணித்தது. கருவியைப் பொருத்திய பின் ‘இப்போது புரிகிறதா?’ என்று கேட்கும் கேள்வி, அவர் தினமும் கேட்கும் மொழியில் இருக்க வேண்டாமா?

தஞ்சோங் புங்காவின் கைகள்

மொழி வேற்றுமையைப் பற்றிப் பேசும்போது பினாங்கு மறக்கக்கூடாத இன்னொரு வரலாறு உண்டு. நாட்டின் செவித்திறனற்ற பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி 1954-இல் இங்கேதான் தொடங்கியது. அந்தக் காலத்தில் வகுப்பறையில் கைச்சைகைக்கு இடமில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசவே பிள்ளைகள் பயிற்றுவிக்கப்பட்டனர். ஆனால் வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு முழு மொழியே உருவானது. மொழியியலாளர்கள் அதைப் பினாங்குச் சைகை மொழி என்று தனியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று அதைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் மூத்த தலைமுறையினரே.

பின்னர் மலாய் மொழியின் அமைப்பைப் பின்பற்றும் கைக்குறியீட்டு முறை பள்ளிகளுக்கு வந்தது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், மலேசியச் சைகை மொழியைச் செவித்திறனற்றோரின் அதிகாரப்பூர்வ மொழியாக அங்கீகரித்தது. இது பெரிய முன்னேற்றம்.

எனினும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செவித்திறனற்ற பிள்ளைக்கு ஓர் இடைவெளி எஞ்சுகிறது. பள்ளியில் சைகை மொழியும் எழுத்தில் மலாயும் கற்கிறது. வீட்டிலோ அம்மா தமிழில் பேசுகிறார். அவருக்குச் சைகை தெரியாது. பிள்ளை எழுதும் மலாயைப் பாட்டியால் வாசிக்க முடியாது. ஒரே கூரையின் கீழ் உறவுகள் ஊமையாகிவிடுகின்றன. இந்தக் குடும்பங்களுக்குத் தேவை, தமிழில் விளக்கம் தந்து பெற்றோருக்குச் சைகை மொழி கற்பிக்கும் வகுப்பு. பிள்ளையை மட்டும் பயிற்றுவித்துவிட்டு வீட்டை அப்படியே விட்டால், சிகிச்சை பாதியில் நின்றதாகவே பொருள்.

பக்கவாதம் எந்த மொழியைப் பறிக்கும்?

மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம் தாக்கினால் பேச்சு போய்விடலாம். பல மொழி பேசியவருக்கு எல்லா மொழியும் ஒரே அளவில் போகும் என்றோ, ஒரே நேரத்தில் திரும்பும் என்றோ சொல்ல முடியாது. பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1880-களில், சிறு வயதில் கற்ற மொழியே தாங்கி நிற்கும் என்றார். இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் பித்ர் 1895-இல், நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழியே முதலில் திரும்பும் என்றார். இருவருக்கும் விதிவிலக்குகள் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆகவேதான் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் பாரடி, நோயாளியின் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே அளக்கும் ஒரு சோதனையை 1980-களில் உருவாக்கினார். அதற்குத் தமிழ் வடிவமும் உண்டு.

பினாங்கில் அலுவலகத்தில் ஆங்கிலமும் சந்தையில் மலாயும் வீட்டில் தமிழும் பேசிய ஒருவர் நோய்வாய்ப்பட்டால், மலாயில் மட்டும் கேட்டுவிட்டுப் ‘பேச்சு முற்றாகப் போய்விட்டது’ என்று எழுதிவிடக்கூடாது. தமிழில் கேட்டால் அவர் மகளின் பெயரைச் சொல்லக்கூடும். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் சிகிச்சை தொடங்கும்.

மிகவும் விலை கொடுக்க வைக்கும் அறிவுரை

பேச்சு தாமதமான பிள்ளையின் பெற்றோருக்கு அக்கம்பக்கத்திலும் பள்ளியிலும் சில நேரங்களில் மருத்துவரிடமிருந்தும் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: ‘பிள்ளை குழம்புகிறது, வீட்டில் ஒரே மொழி பேசுங்கள்.’ அந்த ஒரே மொழி ஆங்கிலமாகவோ மலாயாகவோதான் இருக்கும். தமிழை விடச் சொல்வதற்கு இது மரியாதையான வேறொரு வடிவம்.

இதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. இருமொழிச் சூழல் மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் தங்கள் ஆற்றலுக்கேற்ப இரண்டு மொழிகளைக் கற்க முடியும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாறாக, தனக்குச் சரளமாக வராத மொழியில் பேசச் சொன்னால் அம்மா குறைவாகப் பேசுவார். கதை சொல்ல மாட்டார், தாலாட்ட மாட்டார், ‘உட்கார், சாப்பிடு, போ’ என்ற கட்டளைகளோடு நின்றுவிடுவார். பேச்சை அதிகமாகக் கேட்க வேண்டிய பிள்ளைக்கு அது குறைந்துபோகும்.

எல்லா மருத்துவமனையிலும் தமிழ் நிபுணரா?

இங்கே எழும் எதிர்வாதம் நியாயமானது. நாட்டில் இத்துறைக்கான முதல் பட்டப்படிப்பே 1995-இல்தான் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சிகிச்சையாளர் எண்ணிக்கையே போதவில்லை என்னும்போது, ஒவ்வொரு மொழிக்கும் ஒருவரை எங்கிருந்து கொண்டுவருவது? 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரப் பணியாளர் சட்டம் பேச்சு சிகிச்சையாளரையும் செவித்திறன் நிபுணரையும் பதிவுக்கு உட்படுத்தியது. அது தகுதியைக் காக்கும் சட்டம். மொழியைப் பங்கிடும் சட்டமன்று. மேலும், பிள்ளைகள் தேசிய மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் ஒவ்வொரு சிகிச்சையாளரும் தமிழ் பேச வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தமிழ் தெரியாத சிகிச்சையாளரும் தமிழ்ப் பிள்ளையை நியாயமாகச் சோதிக்க வழிகள் உண்டு. பெற்றோரிடம் விரிவாகக் கேட்பது முதல் வழி: முதல் சொல் எப்போது வந்தது, இரண்டு சொற்களைச் சேர்த்து எப்போது பேசியது, அண்ணன் அக்காவோடு ஒப்பிட்டால் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா? கற்பித்துச் சோதிப்பது இரண்டாவது வழி: பிள்ளைக்குத் தெரியாத சில சொற்களைக் கற்றுக்கொடுத்து, எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பது. இரண்டு மொழிகளிலும் தெரிந்த சொற்களைக் கூட்டி எண்ணுவது மூன்றாவது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வது நான்காவது.

நான்காவதில் ‘பயிற்சி பெற்ற’ என்ற சொல் முக்கியம். அவசரத்துக்கு அண்ணனையோ பக்கத்திலிருக்கும் தாதியையோ மொழிபெயர்க்கச் சொன்னால், அவர்கள் பிள்ளையின் பேச்சைத் தங்களை அறியாமலேயே திருத்திச் சொல்லிவிடுவார்கள். பிள்ளை ‘அம்மா தண்ணி குடு நாய்’ என்று சொன்னதை, ‘அம்மா நாய்க்குத் தண்ணீர் கொடுத்தார்’ என்று பாட்டி பாசத்தோடு மாற்றிச் சொல்வார். சிகிச்சையாளர் கேட்க வேண்டிய பிழை அந்த இடத்திலேயே மறைந்துபோகும்.

பினாங்கு செய்யக்கூடியவை

இதற்கான அடித்தளம் இம்மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 28 தமிழ்ப்பள்ளிகளும் பாலர் வகுப்புகளும் இருக்கின்றன. மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கு மானியம் வழங்கி வருகிறது. கூட்டரசு நிலையில் 2018 முதல் மித்ரா இருக்கிறது. இந்தியப் பிள்ளைகளின் பாலர்கல்விக்கு அது உதவுகிறது. 1984-இல் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டத்தின் பி.டி.கே. மையங்கள் வட்டாரங்கள்தோறும் உள்ளன.

இவற்றை இணைக்க மூன்று காரியங்கள் போதும். ஒன்று, பாலர்பள்ளி ஆசிரியர்கள் பயன்படுத்த, மலேசியப் பேச்சுத் தமிழில் இரண்டு பக்கப் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது. அது நோயைச் சொல்வதற்கன்று, யாரை அனுப்ப வேண்டும் என்று சொல்வதற்கு. இரண்டு, தமிழ்நாட்டின் சோதனைகளையும் சொற்பட்டியல்களையும் இங்குள்ள பேச்சுக்கேற்ப மாற்றி, இங்குள்ள பிள்ளைகளிடமும் முதியவர்களிடமும் சரிபார்ப்பது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் பேச்சு அறிவியல் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடியும் வேலை இது. மூன்று, இடைநிலைப்பள்ளியில் அறிவியல் பிரிவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது என்று சொல்வது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்ற பட்டியலில் பேச்சு சிகிச்சையாளரும் செவித்திறன் நிபுணரும் இடம்பெற வேண்டும்.

அதுவரை பெற்றோர் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை பிள்ளையையோ அப்பாவையோ சோதனைக்கு அழைத்துச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: இந்தச் சோதனை எந்த மொழியில்? வீட்டில் தமிழ் பேசுவது குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா? தமிழில் எப்படிப் பேசுகிறார் என்று யார் பார்த்தார்கள்? பதில் திருப்தியாக இல்லாவிட்டால், பிள்ளை வீட்டில் இயல்பாகப் பேசுவதைக் கைப்பேசியில் பத்து நிமிடம் பதிவுசெய்து எடுத்துச் செல்லலாம். தமிழ் தெரிந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு முடிவு எழுதட்டும் என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை.